இரண்டு நிமிடம் யாருக்குப் போதும்?

இங்கிலாந்தில் வேலை என்று சொன்னவுடன் ஊரில் எல்லோரும் கேட்பது, “லண்டனா?” என்றுதான். இல்லை என்றால் அடுத்த கேள்வி, “அப்ப மான்செஸ்டரா?” நான் இருக்கும் ஊரின் பெயர் பிராட்ஃபோர்ட் ஆன் ஏவன். பெயரின் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, “ஓ, பிராட்ஃபோர்டா! அங்கே நம்ம ஆட்கள் நிறைய இருப்பாங்களே” என்பார்கள். அது வடக்கே, யார்க்‌ஷயரில் இருக்கும் பெரிய நகரம். நான் இருப்பது தென்மேற்கில், வில்ட்‌ஷயர் மாவட்டத்தில் சுமார் பத்தாயிரம் பேர் மட்டுமே வசிக்கும் ஒரு சின்ன ஊர். ஏவன் என்பது ஊர் நடுவே ஓடும் ஆறு. பழைய கெல்டிக் மொழியில் ஏவன் என்றாலே ஆறு என்றுதான் பொருளாம். அதன்மேல் ஆங்கிலேயர்கள் ‘ரிவர் ஏவன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘ஆறு ஆறு’! நம் ஊரில் ‘நடு சென்டர்’ என்று சொல்பவர்களைக் கிண்டல் செய்கிறோம்.

நான் பிறந்து வளர்ந்தது லால்குடி. திருச்சியிலிருந்து இருபது கிலோமீட்டர் தூரம். பக்கத்தில் ஒரு பெரிய நகரம் இருக்கும் சின்ன ஊரில் வாழ்வது எப்படி என்று எனக்குத் தெரியும். நல்ல செருப்பு வாங்க வேண்டும் என்றாலும், நல்ல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றாலும், இன்ஜினீயரிங் படிக்க வேண்டும் என்றாலும் பஸ் ஏற வேண்டும். பிராட்ஃபோர்டும் அப்படித்தான். ரயிலில் கால் மணி நேரத்தில் பாத் நகரம். இன்னும் கொஞ்சம் போனால் பிரிஸ்டல். 2021 மக்கள்தொகைக் கணக்குப்படி பிரிஸ்டலில் ஏறத்தாழ 4,72,000 பேர். என் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் போக வேண்டும், மீதி நாட்கள் வீட்டிலிருந்தே வேலை.

கம்ப்யூட்டர் ஆட்களுக்குப் பிரிஸ்டல் சாதாரண ஊர் அல்ல. 1978-ல் தொடங்கப்பட்ட இன்மாஸ் நிறுவனம் அங்கேதான் இருந்தது. பல பிராசஸர்களை ஒன்றோடொன்று இணைத்து ஒரே நேரத்தில் வேலை வாங்குவதற்காக ‘டிரான்ஸ்பியூட்டர்’ என்ற சிப்பை 1980-களில் அவர்கள் வடிவமைத்தார்கள். இன்றைக்கு மல்டி கோர் என்று நாம் சாதாரணமாகச் சொல்வதை அன்றைக்கே யோசித்த இடம். கல்லூரியில் பேரலல் கம்ப்யூட்டிங் பாடத்தில் ஒரே ஒரு வரியாகப் படித்துவிட்டு மறந்துபோன பெயர். அந்த ஊரில் வேலை கிடைத்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே வாடகை கேட்டவுடன் சந்தோஷம் பாதியாகிவிட்டது. பாத்தில் இன்னும் மோசம். அப்படித்தான் வரைபடத்தில் ரயில் பாதையைத் தொட்டுக்கொண்டே வந்து இந்த ஊரில் நின்றேன். இங்கேயும் வாடகை நான் நினைத்த அளவுக்குக் குறைவாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊர் அழகு. அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பழைய கல் பாலம், அதன் நடுவே குடிகாரர்களை ஒரு இரவு அடைத்து வைக்க ஒரு குட்டிச் சிறை, கம்பளி நெய்த பழைய ஆலைகள், கால்வாயில் மெதுவாக நகரும் படகு வீடுகள். மாலை ஐந்தரைக்கு மேல் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஒரு இன்ஜினீயராக எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. 1959-ல் வந்த மினி காருக்கு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் சஸ்பென்ஷன் செய்து கொடுத்த அலெக்ஸ் மோல்டன் இந்த ஊர்க்காரர். 1962-ல் சின்னச் சக்கரம் வைத்த சைக்கிளையும் அவர் கொண்டு வந்தார். பெரிய கண்டுபிடிப்புக்குப் பெரிய ஊர் வேண்டும் என்பதில்லை.

சரி, இது கம்ப்யூட்டர் இதழ். இன்டர்நெட் விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டைப் பார்க்கப் போனபோது ஏஜென்டிடம், “பைபர் இருக்கிறதா?” என்று கேட்டேன். “ஆமாம், பைபர்தான்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த பைபர் தெருமுனையில் இருக்கும் பச்சைப் பெட்டியோடு நின்றுவிட்டது! பெட்டியிலிருந்து வீடு வரை பழைய டெலிபோன் செம்புக் கம்பி. இந்த முறையில் அதிகபட்சம் சுமார் 80 எம்பிபிஎஸ் வேகம் கிடைக்கலாம். பெட்டியிலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகம் சரிந்துகொண்டே வரும். எனக்குக் கிடைப்பது டவுன்லோடு 34, அப்லோடு 6. வீடியோ மீட்டிங்கில் என் முகம் அவ்வப்போது கட்டம் கட்டமாகத் தெரியும். அதே நேரத்தில் லால்குடியில் என் அப்பாவின் வீட்டில் பைபர் கேபிள் மாடி வரை வந்து, 100 எம்பிபிஎஸ் ஓடுகிறது. அப்பா அதில் பார்ப்பது பெரும்பாலும் பழைய படப் பாடல்கள்தான். வாட்ஸ்அப்பில் பேசும்போது, “உன் பக்கம்தான்பா சரியில்லை” என்று அவர் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஆகவே வெளிநாட்டில் வீடு தேடும் இளைஞர்களே, ‘பைபர்’ என்ற சொல்லை நம்பாதீர்கள். வீட்டுக்குள் வருவது பைபரா, செம்பா என்று கேளுங்கள். முகவரியைக் கொடுத்தால் எந்த இணைப்பு கிடைக்கும் என்று காட்டும் வசதி இங்கே இன்டர்நெட்டிலேயே இருக்கிறது. முன்பணம் கட்டுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள். மொபைல் சிக்னலை வீட்டின் உள்ளே நின்று பாருங்கள். வாசலில் நின்று பார்த்துப் பயனில்லை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கே பழைய வீடுகள் எல்லாம் பாத் கல் என்று சொல்லப்படும் சுண்ணாம்புக் கல்லால் கட்டியவை. சுவர்கள் கனம். ஊரும் பள்ளத்தாக்கில் இருக்கிறது. வாசலில் நான்கு கோடு காட்டும் மொபைல், சமையலறைக்குள் போனால் ஒரு கோடும் காட்டாது. என் போனில் வைஃபை காலிங் என்ற அமைப்பை இயக்கிய பிறகுதான் பிழைத்தேன். அது பேச்சையும் குறுஞ்செய்தியையும் செல்போன் கோபுரத்துக்குப் பதிலாக வீட்டு ரவுட்டர் வழியாக அனுப்பும். உங்கள் வீட்டிலும் உள்ளறையில் சிக்னல் இல்லை என்றால் போனின் செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள்.

என்னிடம் ஸ்மார்ட்போன் இருந்தது. அதனால் பிரச்னை பத்து நிமிடத்தில் தீர்ந்தது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் இல்லை.

அவருக்கு எண்பது வயதுக்கு மேல். தனியாக இருக்கிறார். முதலில் நான் அவரை மேடம் என்று கூப்பிட்டேன். அது என்ன, பள்ளிக்கூட டீச்சரைக் கூப்பிடுவது போல என்று சிரித்துவிட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். என் பாட்டி வயதில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வளைய இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை அவர் தோட்டத்தின் கடைசியில், மழைத் தூறலில், பட்டன் வைத்த பழைய மொபைலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஓடினேன். ஒன்றுமில்லை. ஓ.டி.பி.க்காகக் காத்திருக்கிறார்!

வீட்டு இன்சூரன்ஸைப் புதுப்பிக்க வேண்டும். லேப்டாப் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. பாஸ்வேர்டு போட்டாயிற்று. இப்போது மொபைலுக்கு ஆறு இலக்க எண் வரும், அதைத் தட்டச்சு செய்ய வேண்டும். மேசையில் சிக்னல் இல்லை. தோட்டத்தின் கடைசியில்தான் இருக்கிறது. செய்தி வந்ததும் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, படியேறி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உட்காரும்போது திரையில் ‘நேரம் முடிந்துவிட்டது’ என்று வந்துவிடுகிறது. மூன்று முறை முயன்றிருக்கிறார். மூன்றாவது முறை கணக்கையே பூட்டிவிட்டது.

என் போனை வைத்து உதவலாம் என்றால் முடியாது. பதிவு செய்த எண்ணுக்குத்தான் செய்தி வரும். கடைசியில் நான் தோட்டத்தில் நின்று எண்ணைக் கத்த, அவர் மேசையில் உட்கார்ந்து தட்டச்சு செய்ய, வேலை முடிந்தது. ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருந்தது. நான் அதைத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு பாதுகாப்பைக் கெடுப்பது இப்படித்தான்.

தேநீர் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: “அந்தக் கடிகாரம் ஏன் என்னை அவசரப்படுத்துகிறது? எனக்கு எந்த அவசரமும் இல்லையே.”

நான் பதில் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. என் வேலை என்ன தெரியுமா? பல நிறுவனங்களின் இணையதளங்களுக்கு லாகின் பகுதியைச் செய்து கொடுக்கும் குழுவில் புரோகிராமர். அவர் திண்டாடிய தளம் நாங்கள் செய்ததல்ல. ஆனால் நாங்கள் செய்தவற்றிலும் அதே இரண்டு நிமிடம்தான். அந்த எண் எங்கள் செட்டிங்ஸ் ஃபைலில் ஒரு வரி: 120. வினாடிக் கணக்கு. அந்த வரியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை கூட, ஏன் 120, ஏன் 600 இல்லை என்று கேட்டதில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. முன்பு வேலை பார்த்த யாரோ போட்டது. பாதுகாப்பு விதி என்றார் ஒருவர். எந்த விதி என்று தேடினேன். அமெரிக்காவின் என்ஐஎஸ்டி அமைப்பின் வழிகாட்டுதலில், இப்படி அனுப்பும் எண் பத்து நிமிடத்துக்கு மேல் செல்லக்கூடாது என்றுதான் இருக்கிறது. பத்து! இன்னொரு பக்கம், இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி என்ற விதித் தொகுப்பு இருக்கிறது. 2008-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பிலேயே, நேரக் கெடு வைத்தால் அதை நிறுத்தவோ மாற்றவோ நீட்டிக்கவோ பயனாளருக்கு வழி கொடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. பாதுகாப்புக்காக விதிவிலக்கு கேட்கலாம் என்பது உண்மை. ஆனால் பாதுகாப்புக்காரர்களே பத்து நிமிடம் கொடுக்கும்போது நாங்கள் யாருக்காக எட்டு நிமிடத்தைப் பிடுங்கி வைத்திருந்தோம்?

எங்கள் மேலாளர் நல்லவர். ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினார். தவறான எண்ணைத் தட்டச்சு செய்தவர்கள் மிகக் குறைவு. பிரச்னையே இல்லை என்றார். எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான். அந்த ரிப்போர்ட்டில் எண்ணைத் தட்டச்சு செய்தவர்கள்தான் இருக்கிறார்கள். காகிதத்தில் எழுதிக்கொண்டு படியேறி வருவதற்குள் நேரம் முடிந்து, லேப்டாப்பை மூடிவிட்டுப் போனவர்கள் அதில் எங்கேயும் இல்லை. ஒரு எண்ணையும் அடிக்காதவர் எப்படித் தவறான எண்ணை அடித்திருப்பார்? பக்கத்து வீட்டு அம்மா எங்கள் வாடிக்கையாளராக இருந்திருந்தால், எங்கள் கணக்கில் அவர் ஒரு பிரச்னையும் இல்லாதவர்!

நான் சொல்ல வருவது இதைத்தான். சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் கொஞ்ச காலமாவது இப்படி ஒரு சின்ன ஊரில் வசிக்க வேண்டும். வாடகைக்காகவோ காற்றுக்காகவோ சொல்லவில்லை. பெரிய நகரத்தில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் போன்றவர்கள். முப்பது வயது, புது போன், நல்ல சிக்னல். அங்கே ஒன்று வேலை செய்யவில்லை என்றால் உடனே வேறொரு வழி இருக்கும். ஒரு வங்கிக் கிளை மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று. சின்ன ஊரில் ஒன்று மூடினால் மூடியதுதான். அதற்குப் பதிலாக வருவது நாம் எழுதும் சாஃப்ட்வேர். அது எப்படி வந்து இறங்குகிறது என்பதை அங்கே இருந்தால் முகம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அந்த அம்மாவின் வங்கிக் கிளை மூடிவிட்டது. பணம் கட்ட வேண்டும் என்றால் பஸ் ஏறி ஐந்து கிலோமீட்டர் தள்ளி ட்ரோபிரிட்ஜ் போகிறார். இது ஒருவர் கதை அல்ல. 2015-லிருந்து பிரிட்டனில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகள் மூடப்பட்டிருக்கின்றன. வங்கிகள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கிளைக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆளும் கட்டடமும் செலவு. நானே இங்கு வந்து வங்கிக் கிளைக்குள் கால் வைத்ததில்லை. கணக்கு தொடங்கியதே போனில்தான். ஆனால் நான் போகவில்லை என்பது, அந்தக் கதவு யாருக்கும் வேண்டாம் என்பதற்குச் சான்று ஆகாது.

இதற்கு இங்கே ஒரு நடுவழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் ஊரிலும் யாராவது யோசிக்கலாம். ‘பேங்கிங் ஹப்’ என்று பெயர். பல வங்கிகள் சேர்ந்து ஒரே இடத்தில் ஒரே கவுன்டர். பணம் கட்டுவது, எடுப்பது எல்லாவற்றையும் தபால் அலுவலகத்தின் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை ஒரு வங்கியின் அதிகாரி, செவ்வாய்க்கிழமை இன்னொரு வங்கியின் அதிகாரி என்று முறை வைத்து வந்து உட்காருவார்கள். 2021-ல் ரோச்ஃபோர்ட், கேம்பஸ்லாங் என்ற இரண்டு ஊர்களில் சோதனையாகத் தொடங்கியது, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் இருக்கிறது. சாஃப்ட்வேர்காரன் பார்வையில் சொன்னால், ஒரே ஹார்டுவேரைப் பல பேர் நேரம் பிரித்துக்கொண்டு பயன்படுத்தும் பழைய டைம் ஷேரிங் முறைதான்.

ரயில் டிக்கெட் கவுன்டருக்கும் இதே கதை வந்தது. 2023-ல் இங்கிலாந்தின் ரயில் நிலையங்களில் பெரும்பாலான டிக்கெட் கவுன்டர்களை மூடிவிடலாம், எல்லோரும் போனிலும் மெஷினிலும் வாங்கிக்கொள்வார்கள் என்றார்கள். மக்களிடம் கருத்து கேட்டபோது ஏழரை லட்சம் பதில்கள் வந்து குவிந்தன. அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று திட்டத்தையே கைவிட்டார்கள். பதில் எழுதியவர்களில் எத்தனையோ பேர் ஆப்பில் டிக்கெட் வாங்குகிறவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். எனக்கும் போனில் வாங்குவதுதான் பிடிக்கும். ஆனால் ஒருமுறை ரயில் ரத்தாகி, போன் சார்ஜும் தீர்ந்து நின்றபோது, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்ததன் மதிப்பு தெரிந்தது.

அடுத்து வரப்போவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. டெலிபோன்.

கரன்ட் போனாலும் லேண்ட்லைன் வேலை செய்யும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். புயல் மழையில் ஊரே இருட்டில் கிடந்தபோதும் அந்தக் காலத்து போனில் டயல் டோன் வந்தது எப்படி? எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்து அதே செம்புக் கம்பி வழியாக மின்சாரம் வருவதால். அந்தக் கம்பி முறையைப் பிரிட்டன் முழுவதும் நிறுத்தப் போகிறார்கள். முதலில் 2025 என்றார்கள், பிறகு 2027 ஜனவரி 31 என்று கெடுவைத் தள்ளி வைத்தார்கள். இனி போன் வயரை ரவுட்டரின் பின்னால் செருக வேண்டும். பேச்சு இன்டர்நெட் வழியாகப் போகும். கெட்டதல்ல. பழைய எக்ஸ்சேஞ்ச் சாமான்களுக்கு உதிரி பாகம் கூடக் கிடைப்பதில்லை. ஒரு நாள் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் கரன்ட் போனால் ரவுட்டர் அணைந்துவிடும். போனும் சேர்ந்து செத்துவிடும். வீட்டுக்குள் மொபைல் சிக்னலும் இல்லாதவர் என்ன செய்வார்?

2021 நவம்பரில் ஆர்வென் என்ற புயல் அடித்தபோது வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பல ஊர்களில் நாள் கணக்கில் கரன்ட் இல்லை. அதன் பிறகுதான் இந்தக் கேள்வியை எல்லோரும் சத்தமாகக் கேட்டார்கள். லேண்ட்லைனை மட்டுமே நம்பி இருப்பவர்களுக்கு, கரன்ட் போன பின் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு செய்ய வழி கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு மணி நேரம்! எங்கள் 120 வினாடியை விடப் பரவாயில்லை. ஆனாலும் நாள் கணக்கில் நின்றுபோகும் கரன்ட்டுக்கு முன் அது எம்மாத்திரம்?

இதில் இன்னொரு சிக்கல். தனியாக இருக்கும் முதியவர்கள் பலர் இங்கே கழுத்தில் ஒரு பொத்தானை மாட்டியிருப்பார்கள். கீழே விழுந்தால் அழுத்தலாம். வீட்டிலிருக்கும் ஒரு பெட்டி லேண்ட்லைன் வழியாக உதவி மையத்தை அழைக்கும. அந்தப் பெட்டிகளில் பல, பழைய லைனின் ஒலிக் குறிகளை நம்பிச் செய்யப்பட்டவை. லைனை மாற்றும்போது சில பெட்டிகள் வேலை செய்யாமல் போயின. விபரீதங்கள் நடந்த பிறகு, 2023 டிசம்பரில் போன் நிறுவனங்கள் அரசிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பொத்தான் வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் யாரையும் கட்டாயமாக மாற்ற மாட்டோம் என்று. ஒரு பெட்டியை டெஸ்ட் செய்யாமல் லைவுக்கு விடக்கூடாது என்பது முதலாண்டு புரோகிராமருக்கே சொல்லித் தருவது.

சாஃப்ட்வேரை மனிதர்களுக்கு மேலாக நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டில் பெரிய உதாரணமே இருக்கிறது. ஹொரைசன் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். தபால் அலுவலகக் கிளைகளுக்காக ஃபுஜிட்சு செய்து கொடுத்த கணக்கு சாஃப்ட்வேர். கல்லாவில் பணம் சரியாக இருக்கும், திரையில் ஆயிரக்கணக்கில் குறைவு காட்டும். 1999-லிருந்து 2015 வரை தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட கிளைப் பொறுப்பாளர்கள் திருட்டு, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். கம்ப்யூட்டர் சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று எடுத்துக்கொள்வது இங்குள்ள நீதிமன்ற வழக்கம். 2019 டிசம்பரில்தான் அந்த சாஃப்ட்வேரில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2024-ல் தண்டனைகளை ரத்து செய்யப் பாராளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

அதில் ஜோ ஹாமில்டன் என்பவரின் கதையை மட்டும் சொல்கிறேன். ஹாம்ப்‌ஷயரில் சவுத் வார்ன்பரோ என்ற கிராமத்தில் கடையும் தபால் கிளையும் நடத்தியவர். திரை காட்டிய குறைவுக்காகப் பொய்க் கணக்கு வழக்கில் தண்டிக்கப்பட்டார். அவர் கட்ட வேண்டிய பணத்துக்காகக் கிராமத்தார் தங்களுக்குள் வசூல் செய்து கொடுத்தார்கள், நீதிமன்றத்துக்கும் கூடவே வந்தார்கள். அவர்களுக்கு சாஃப்ட்வேர் தெரியாது. ஆனால் ஜோவைத் தெரியும். அவர் எடுத்திருக்க மாட்டார், அப்படியென்றால் மெஷின்தான் தப்பு என்று அவர்கள் போட்ட கணக்கு சரியாக இருந்தது. நிபுணர்களும் வக்கீல்களும் போட்ட கணக்கு தப்பாக இருந்தது. 2021-ல் அவர் தண்டனை ரத்தானது. எங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து மேலாளர் பிரச்னையே இல்லை என்றபோது, எனக்கு அந்தக் கிராமத்தார் நினைவுதான் வந்தது.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நினைக்கலாம். லால்குடியில் அப்பா இன்றும் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறார். யுபிஐ தெரியாமல் இல்லை. காய்கறிக் கடையில் ஸ்கேன் செய்துதான் பணம் கொடுக்கிறார். ஆனாலும் மாதம் ஒருமுறை பென்ஷன் வரவைக் காகிதத்தில் பதிந்து பார்த்தால்தான் தூக்கம் வரும். “எல்லாம் போன்லயே தெரியுமேப்பா” என்று நான் எத்தனையோ முறை சலித்துக்கொண்டிருக்கிறேன். “தெரியுதுதான். ஆனா தப்பா இருந்தா அதுகிட்ட யாரு கேக்கறது?” என்பார். அப்போது அதைப் பழைய காலத்து ஆளின் பிடிவாதம் என்று நினைத்தேன்.

இந்த இதழைப் படிக்கிற பலர் உங்கள் குடும்பத்துக்கும் தெருவுக்கும் ‘கம்ப்யூட்டர் தெரிந்தவர்’. மாமாவுக்கு ரயில் டிக்கெட், எதிர்வீட்டு அக்காவுக்கு மின்கட்டணம், தாத்தாவுக்கு ஆதாரில் போன் நம்பர் மாற்றுவது எல்லாம் உங்கள் தலையில்தான். அடுத்த முறை அவர்களிடமிருந்து போனை வாங்கி நீங்களே தட்டி முடிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் செய்வதை வாயை மூடிக்கொண்டு பாருங்கள். ரொம்பக் கஷ்டம், எனக்குத் தெரியும். எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். எங்களைப் போல அந்தத் தளத்தைச் செய்பவர்களுக்கு அது தெரிவதே இல்லை. கருத்து அனுப்பும் பெட்டி இருந்தால் நான்கு வரி எழுதி அனுப்புங்கள். அதையெல்லாம் யாரும் படிப்பதில்லை என்று நினைக்காதீர்கள். அந்த வாரத்துக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் அதைப் படிப்பது என் வேலையாகிவிட்டது!

120 என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூன்று மாதம் இழுத்தது. இப்போது எங்கள் புதிய தளங்களில் 600. லேண்ட்லைனுக்கே அழைத்து எண்ணை மெதுவாக இரண்டு முறை வாசித்துக் காட்டும் வசதியும் சேர்த்துவிட்டோம். பழைய தளங்களில் மாற்ற வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ள வேண்டும், பாதிப் பேர் இன்னும் பதில் சொல்லவில்லை. திரையில் ஓடும் கடிகாரத்தை எடுத்துவிடலாம் என்றேன். அது மட்டும் நடக்கவில்லை. அவசரப்படுத்தினால்தான் ஆட்கள் வேலையை முடிக்கிறார்கள் என்று இன்னொரு ரிப்போர்ட் இருக்கிறதாம்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அடுத்த மாதம் லைன் மாற்ற ஆள் வருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. கழுத்தில் பொத்தான் மாட்டியிருப்பதைப் போன் நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அழைத்துச் சொல்லிவிட்டோம். பேட்டரிப் பெட்டி ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்று நான் அலுவலகம் போகவில்லை, வீட்டிலிருந்தே வேலை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆள் கிளம்புவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அவருக்கு இருக்கும் கவலை வேறு. ஹாலில் இருக்கும் பழைய போனின் மணிச் சத்தம் மாறிவிடுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.